டாக்டரிடம் கேளுங்கள்: நான்ஸ்டிக் தவாவைத் தூக்கிப் போட்டால் கரு தங்குமா?

கேள்வி: எனக்கு 28 வயது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. ஷாம்பு, நெயில் பாலிஷ், நான்ஸ்டிக் தவா, பிளாஸ்டிக் டப்பா, கொசு லிக்விட் எல்லாமே கர்ப்பப்பையைக் கெடுக்கும் என்று மாமியார் ஏதோ வீடியோவில் பார்த்துச் சொன்னார். ஒவ்வொன்றாக வெளியே போட்டுவிட்டேன். ஆறு மாதம் ஆகியும் பலன் இல்லை. எனக்கு ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாகிவிட்டது, நார்மல் என்றார்கள். கணவர் வாழையும் மஞ்சளும் வைத்திருக்கிறார். மருந்தடிப்பது உட்பட எல்லா வேலையும் அவரேதான். இன்னும் நான் எதை நிறுத்த வேண்டும் டாக்டர் அம்மா?
– பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம் அருகே

பதில்: நீங்கள் நிறுத்த வேண்டியது இனி ஒன்றும் இல்லையம்மா. உங்கள் கடிதத்தில் ஐந்து பொருள்களின் பெயர் இருக்கிறது, உங்களுக்கு எடுத்த பரிசோதனைகள் இருக்கின்றன. கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை எடுத்ததாக ஒரு வரி கூட இல்லை. கருத்தரிப்பு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும், மனைவியைக் கருக்குழாய் எக்ஸ்ரே வரை வலியோடு படுக்க வைத்துவிட்டு, சில நூறு ரூபாயில் முடிகிற, ஊசி கூடப் போடாத அந்த ஒரு சோதனையைத் தள்ளிப்போடும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் வீட்டில் இருக்கும் ரசாயனங்களில் நான் முதலில் கவனிப்பது ஷாம்புவை அல்ல, கணவர் முதுகில் ஏறும் மருந்து டேங்கைத்தான்.

1977-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லேத்ராப் என்ற ஊரில் ஒரு ரசாயன ஆலை இருந்தது. அங்கே டி.பி.சி.பி. என்ற, பயிர் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் மருந்தைத் தயாரித்தார்கள். அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், கொஞ்ச காலமாகவே யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை என்பது தெரிந்தது. சோதித்தபோது பலருக்கு விந்தணுவே இல்லை, சிலருக்கு மிகக் குறைவு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே உற்பத்தி நின்றுபோயிருந்தது. மருந்தை விட்டு விலகியதும் சிலருக்குத் திரும்ப வந்தது. நீண்ட காலம் புழங்கிய பலருக்கு வரவே இல்லை. 1979-இல் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அதைத் தடை செய்தார்கள். மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அதை அடித்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அந்தப் பகுதிச் சிறுவர்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதமாவதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அந்த மருந்தை நாடு முழுவதும் நிறுத்தியது.

உங்கள் கணவர் அடிப்பது இந்த மருந்துகள் அல்ல. அவருக்கு இதனால்தான் பிரச்சினை என்றும் நான் சொல்லவில்லை. பார்க்காமல் விடக்கூடாது என்கிறேன், அவ்வளவுதான். இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்து, லேபிலேயே மாதிரி கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் சட்டைப்பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் 42 சதவீதம் அசைவோடு இருப்பது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கீழ்வரம்பு. ஒரு முறை குறைந்திருந்தால் பதற வேண்டாம், மறுபடி ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இடையில் அவருக்கு டெங்கு போலக் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால், அதுவே இரண்டு மூன்று மாதத்துக்கு எண்ணிக்கையைக் குறைக்கும்.

மருந்தடிக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. வெறுங்கையால் கலக்குவதும், நாசில் அடைத்தால் வாயால் ஊதுவதும் கூடவே கூடாது. நம் பக்கம் இந்த ஊதல் சகஜமாக நடக்கிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது. வந்ததும் வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அந்தத் துணியை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக ஊற வையுங்கள். துவைப்பது நீங்கள் என்றால் ரப்பர் கையுறை போடுங்கள், ஏனென்றால் அந்த மருந்து உங்கள் தோலிலும் இறங்கும். பாட்டிலைச் சமையலறைப் பரணில் வைக்காதீர்கள்.

நீங்கள் தூக்கிப் போட்டவற்றுக்கு வருகிறேன். உரிந்துபோன நான்ஸ்டிக் தவாவை மாற்றியது சரி. நன்றாக இருந்ததென்றால் போட்டிருக்கத் தேவையில்லை. நெயில் பாலிஷில், ஹார்மோன் வேலையைக் குழப்பக்கூடிய தாலேட் வகை ரசாயனங்களைச் சேர்ப்பதுண்டு. ஆனால் விசேஷத்துக்கு எப்போதாவது பூசுவதும், அழகு நிலையத்தில் மூடிய அறையில் நாள் முழுக்க அதை மோந்துகொண்டிருப்பதும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் விஷயத்தில் மாமியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சூடு, எண்ணெய், பிளாஸ்டிக் மூன்றும் சேரும்போதுதான் ரசாயனம் அதிகமாகக் கசிகிறது. கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவது, சூடான குழம்பை டப்பாவில் ஊற்றி மூடுவது, இந்த இரண்டையும் விடுங்கள். பிளாஸ்டிக் கவருக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் டீ கூட அதில்தான் வருகிறது. தூக்குவாளி எடுத்துப் போங்கள். தாலேட்டும், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் அதே போன்ற பிஸ்ஃபினாலும் ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் பழைய டப்பாவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

கொசு லிக்விடை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சுருள் ஏற்றினீர்களா? அடைத்த அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் கக்கும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைதான் நல்லது.

மாதவிலக்கு 28 நாள் சுழற்சி என்றால் பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை ஒன்று விட்டு ஒரு நாள் சேர்ந்திருங்கள். வழுவழுப்புக்காகக் கடையில் விற்கும் ஜெல் எதுவும் வேண்டாம், பெரும்பாலானவை விந்தணுவின் அசைவைக் குறைக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரும் கூட வரட்டும்.

கேள்வி: தண்ணி கேனின் அடியில் 7 என்று போட்டிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: 7 என்பது 'இதர வகை' பிளாஸ்டிக்குகளுக்கான எண். பிஸ்ஃபினால் ஏ கலந்த பாலிகார்பனேட்டும் அதில் அடங்கும். குழந்தைகளின் பால் பாட்டிலில் அதைப் பயன்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-இலேயே தடை விதித்துவிட்டது. கேன் தண்ணீரை வந்ததும் மண்பானைக்கோ எவர்சில்வர் குடத்துக்கோ மாற்றுங்கள். வெயிலில் லாரி மேல் கிடந்த கேன் என்றால் வாங்க வேண்டாம். வசதி இருந்தால் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதே மேல்.

கேள்வி: என் கணவர் வார்ப்படத் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நிற்கிறார். சூடு காரணமாகுமா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: ஆகலாம். விதைப்பை வெளியே தொங்குவதே உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்கத்தான். உலை, பரோட்டாக் கல், நெடுநேரம் லாரி ஓட்டுவது, மடியில் லேப்டாப் எல்லாமே அந்த வித்தியாசத்தைக் குறைக்கும். வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் இல்லை, சாப்பாடு அதில்தான். இடைவேளையில் உலையை விட்டுத் தள்ளி வந்து நிற்கட்டும், தளர்வான பருத்தி உள்ளாடை அணியட்டும், பீடி சிகரெட்டை நிறுத்தட்டும். வெரிகோசீல் என்னும் விதைப்பை ரத்தக்குழாய்ப் புடைப்பு இருக்கிறதா என்று ஒரு முறை காட்டிவிடுங்கள். அது இருந்தால் விரையின் சூடு இன்னும் கூடும். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும், ஆகவே மாற்றங்களின் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும்.

கேள்வி: ஜிம்மில் மாஸ்டர் சொல்லி ஊசி போட்டுக்கொண்டேன். உடம்பு நன்றாக ஏறியது. இப்போது விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் என்கிறார்கள். ஆண்மை ஊசி என்றுதானே சொன்னார்கள்? எனக்கு வயது 31.
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, அது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அல்லது அதைப் போன்ற ஸ்டீராய்டு. வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால், 'போதுமான அளவு இருக்கிறது' என்று நினைத்து மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருக்கும், விரைக்குள்ளே வறண்டுபோகும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. அந்த அளவுக்கு விந்தணுவை அது நிறுத்தும். அதை ஆண்மை ஊசி என்று சொல்லி விற்பது பெரிய அநியாயம்.

பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது. பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம் வரை போகும். நிறுத்திய பிறகு சில வாரம் சோர்வும் மனவாட்டமும் வரும், அதற்குப் பயந்து மறுபடி ஊசி போட்டுவிடக் கூடாது. போட்ட ஊசிகளின் பெயர், அளவு, எத்தனை மாதம் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி எடுத்துக்கொண்டு, ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண் மலட்டுத்தன்மை மருத்துவர்) அல்லது யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை மருத்துவர்) ஒருவரிடம் இந்த வாரமே போங்கள். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் காரணம் தெரியாமல் சோதனைகளுக்கு அலையப்போவது அவர்தான்.