ஈரப்பதம் மிகுந்த இடத்தில் சிறு தோட்டம்: எந்தப் பருவத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீருக்குக் குறைவில்லை, தொழு உரமும் போடுகிறேன், ஆனாலும் தக்காளியும் வெள்ளரியும் காய்க்கும் முன்பே இலை கருகிப் போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதல் வருடம் இதேதான் நடந்தது.

மாலையில் பூவாளியை எடுத்துச் செடியைத் தலையோடு குளிப்பாட்டுவேன். கொஞ்ச நாளில் தக்காளியின் அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் அறுத்த மரத்தில் தெரிவதுபோல வளையம் வளையமாக இருந்தது. ஆல்டர்னேரியா என்ற பூசணம் அது. அடுக்கடுக்காக மேலே ஏறி, ஒரு மாதத்துக்குள் பாத்தியையே முடித்துவிட்டது.

பூசண வித்து முளைத்து இலைக்குள் நுழைய, சில மணி நேரம் விடாமல் ஈரம் வேண்டும். வறண்ட காற்றில் மாலை ஊற்றிய நீர் சீக்கிரம் காய்ந்துவிடும். புழுக்கமான இடத்தில் அது விடியும்வரை இலையிலேயே நிற்கும், அதன்மேல் பனியும் இறங்கும். அதனால் தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். செடிக்குச் செடி தாராளமாக இடம் விடுங்கள். தக்காளி இடுப்பளவு வளர்ந்ததும், தரையிலிருந்து ஒரு அடி உயரம்வரை இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போதுதான் நோய் அடியிலைக்கு ஏறுகிறது. நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது இந்த ஒரு வேலைதான்.

மழைக்கு முன்பே மேட்டுப்பாத்தி போட்டுவிடுங்கள். ஒரு சாண் உயரம் போதும், ஆனால் பக்கத்து வாய்க்காலில் நீர் தேங்காமல் ஓட வேண்டும். தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும், அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் அவ்வளவுதான். நாற்றங்காலில் விதையை நெருக்கி விதைக்காதீர்கள். நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் நாற்று மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாயும்.

அடைமழைக் காலத்தில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் முடிவு. சேம்பு, வள்ளைக்கீரை, கத்தரி போதும். மழை தழைச்சத்தைக் கரைத்துக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். உரத்தை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள்.

மருந்து அவசியப்பட்டால் போர்டோ கலவை இருக்கிறது. பிரான்ஸின் போர்டோ பகுதியில், திருடர்கள் பறிக்காமலிருக்கத் தெருவோரத் திராட்சைக்கொடிகளில் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்த மில்லார்டே என்ற தாவரவியலாளர், 1885ல் அதை மருந்தாகவே அறிவித்தார். ஒரு சதவீதக் கலவைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். பிறகு துருவில்லாத இரும்புக் கத்தியைச் சில நிமிடம் அதில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும். செம்பு படிவது நிற்கும்வரை சுண்ணாம்புக் கரைசல் சேர்த்து, அன்றைக்கே அடித்துவிடுங்கள். செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் பொருள், அதனால் அடிக்கடி கூடாது.

மழை ஓய்ந்தபின் வெள்ளரி, பூசணிக் கொடிகளின் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மேல்புறம் மாவு தூவியதுபோல் இருந்து, விரலால் தேய்த்தால் அழிந்தால் சாம்பல் நோய். நரம்புகளுக்குள் அடைபட்ட மூலைமூலையான மஞ்சள் திட்டும், அடிப்புறத்தில் மங்கலான பூஞ்சையும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். இரண்டாவதற்கு இலையில் ஈரம் வேண்டும். முதலாவதற்கு வேண்டியதில்லை, ஈரமில்லாத இலையிலும் வரும். அதனால்தான் மழை நின்றும் நோய் நிற்கவில்லையே என்று பலரும் குழம்புகிறார்கள்.

வெயிலும் புழுக்கமும் சேர்ந்த மாதங்களில் தக்காளி பூத்துப் பூத்து உதிரும். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் பிஞ்சு பிடிப்பது குறையும், ஈரக்காற்றில் மகரந்தமும் கட்டிக்கொள்ளும். முற்பகலில், பனி காய்ந்தபின், பூங்கொத்தை மெல்லத் தட்டிவிட்டால் கொஞ்சம் பிடிக்கும்.

விதை எடுத்து வைப்பவரானால் அது நன்றாகக் காய்ந்ததா என்று கவனியுங்கள். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. நிழலில் உலர்த்திய பூசணி விதை ஒன்றை எடுத்து மடக்கிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காய வேண்டும். பட்டென்று ஒடிந்தால், காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் போட்டு, குப்பி சில்லென்று இல்லாத நேரம் பார்த்து மட்டும் திறங்கள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே வேர்த்துவிடும்.