தூங்கும்போது கிளம்பாதீர்கள்

வணக்கம் மிஸ்,

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். வயது 27. கட்டுநாயக்காவில் கார்மென்ட் வேலை, அங்கேயே போடிங்கில் தங்கியிருக்கிறேன். மகனுக்கு இப்போது மூன்று வயதும் இரண்டு மாதமும். ஒன்றே முக்கால் வயதில் அவனை விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். வீட்டுக்காரர் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார், இருட்டிய பிறகுதான் வருவார். பிள்ளையைப் பார்ப்பது என் அம்மா. கொழுந்து எடுத்தது போதுமென்று வேலையிலிருந்து நின்றவர். ஒரு குறையும் இல்லாமல்தான் வளர்க்கிறார்.

மாதத்தில் ஒருமுறை, பெரும்பாலும் பௌர்ணமிப் போயா லீவோடு சேர்த்து, வீட்டுக்குப் போவேன். லயத்து வீட்டுப் படி ஏறும்போதே அவனைக் கூப்பிடுவேன். அவன் என் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நான் கொண்டுபோன விளையாட்டுக் காரை மட்டும் வாங்கிக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடிவிடுவான். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்கிறான். என் அம்மாவை, அவன் அம்மாயியை (பாட்டியை), 'அம்மா' என்கிறான். என்னை, என் தங்கச்சி கூப்பிடுவதைக் கேட்டு 'அக்கா' என்கிறான். மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் ஒட்டுவான். ஒட்டிவிட்டால் கக்கூசுக்குப் போகக்கூட விடமாட்டான். அதற்குள் நான் கிளம்பும் நேரம் வந்துவிடும். "முழிச்சிருந்தா அழுவான்டி, தூங்குனதும் போயிரு" என்பார் அம்மா. அதனால் அவன் தூங்கிய பிறகுதான் ராத்திரி பஸ்ஸுக்கு இறங்குகிறேன்.

இப்போது ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து தேடுகிறானாம். நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் மறுபடி வந்திருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை காப்பகத்தில்) ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டான். போனில் என் முகத்தைக் கண்டால் "கட் பண்ணு" என்கிறான். முதல் மூன்று வருஷம் தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளையின் மூளையே வேறு மாதிரி ஆகிவிடும், பிறகு திருத்தவே முடியாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து மெஷினில் கை ஓடவில்லை. கடன் இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கிறது. வேலையை விடவா? அவனை இங்கே கூட்டிவந்து டே கேரில் விடவா? அவன் என்னை வெறுக்கிறானா?

ஒரு தாய்


அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெறுக்கவில்லை. வேண்டாதவர் வந்தாலும் போனாலும் ஒரு பிள்ளையின் தூக்கம் கெடாது. நீங்கள் வந்தால் விறைப்பதும், மறுநாள் விடாமல் பிடிப்பதும், போன பிறகு ராத்திரியில் தேடுவதும் நீங்கள் அவனுக்கு வேண்டியவர் என்பதால் வருபவை.

1940களின் கடைசியில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஆஸ்பத்திரி வார்டுகளில் சிறுபிள்ளைகளைக் கவனித்து எழுதினார். அந்தக் காலத்தில் பெற்றோர் கூட இருக்க விடமாட்டார்கள். பிள்ளைகள் முதலில் கத்தி அழுதார்கள். பிறகு சோர்ந்து அடங்கினார்கள். அதற்கும் பிறகு தாதிமாரோடு சிரித்து விளையாடினார்கள், தாய் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான் வார்டில் இருந்தவர்கள் 'பிள்ளை பழகிவிட்டது' என்று நிம்மதி அடைந்தார்கள். நம் லயங்களிலும் அதே பேச்சுதான்: "பழகிட்டான், இப்பல்லாம் அழுவுறதில்ல." அந்தப் பேச்சை நான் லேசில் நம்புவதில்லை. உங்கள் மகன் முகத்தைத் திருப்புவது வலிக்காமல் இருக்க அவன் செய்துகொண்ட ஏற்பாடு. மறுநாள் மத்தியானம் அந்த ஏற்பாடு இளகுகிறது, அப்போதுதான் ஒட்டுகிறான். இளகுகிறதே, அது நல்ல அறிகுறி.

வார்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று இவனுக்கு இருக்கிறது: மாறாமல் கூடவே இருக்கும் ஒரு அம்மாயி. அந்த வீடியோக்காரர் சொன்னது 1951இல் ஜோன் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கை காலத்துப் பயம். அதை 1972இல் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் வரிவரியாகச் சோதித்தார். பிரிவு என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சேதத்தைக் கணக்குப் போட முடியாது, பிரிவின்போது யார் பார்த்துக்கொண்டார்கள், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள், வீட்டில் சண்டை சச்சரவு இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன என்று காட்டினார். அதற்கு முன்பே, 1964இல், கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை மாதாமாதம் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒருவரோடு நிற்காமல் தகப்பன், பாட்டி, அண்ணன் அக்கா என்று பலரோடும் பிணைப்பு வைத்திருந்தது தெரிந்தது. அம்மாயியிடம் அவன் வைத்திருக்கும் பாசம் உங்கள் பங்கிலிருந்து எடுத்ததல்ல. அந்தப் பாசம் இருப்பதால்தான் உங்களோடும் அவனால் மறுபடி ஒட்ட முடிகிறது.

ஆனால் ஒரு காரியத்தை நிறுத்தியே ஆகவேண்டும். தூங்கும்போது கிளம்புவது.

அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். கண்ணை மூடும்போது அம்மா பக்கத்தில் இருந்தாள், திறந்தபோது இல்லை. ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். 'தூங்கினால் ஆள் காணாமல் போகும்' என்று அவன் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அதனால் காவல் இருக்கிறான், நடுராத்திரியில் எழுந்து யார் இருக்கிறார்கள் என்று தடவிப் பார்க்கிறான். நீங்கள் வந்திருக்கும்போது கக்கூசுக்கு விடாததற்கும் இதுவே காரணம். எப்போது மறைவீர்கள் என்று அவனுக்குத் தெரியாது.

அடுத்த முறை ராத்திரி பஸ்ஸை விட்டுவிட்டு, பின்னேர பஸ்ஸில் கிளம்புங்கள். ஒரு மாதத்தில் நான்கைந்து மணித்தியாலம் குறையும்தான். அந்த நட்டத்துக்குப் பலன் உண்டு. காலையில் ரொட்டி சாப்பிடும்போது ஒருமுறை சொல்லுங்கள்: "இன்னைக்கு வெயில் எறங்குனதும் அம்மா பஸ்ல வேலைக்குப் போவேன். நீ அம்மாயிகூட இருப்ப. திரும்பி வருவேன்." மத்தியானம் ஒருமுறை, கிளம்ப அரை மணிக்கு முன் ஒருமுறை, இதே சொற்களில். அதற்கு முந்தைய நாளே சொல்ல வேண்டாம். மூன்று வயதில் 'நாளைக்கு' என்பது பிடிபடாது, பயம் மட்டும் நீளும். கிளம்பும்போது அவனை அம்மாயி இடுப்பில் கொடுங்கள், கட்டிக்கொள்ளுங்கள், பழகிய ஒரு கை விளையாட்டோ முத்தமோ கொடுத்துவிட்டு நடங்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிடம். திரும்பி ஓடிவந்து இன்னொரு தரம் தூக்காதீர்கள். அப்படிச் செய்தால் அழுகை உச்சத்துக்குப் போனால் அம்மா திரும்புவாள் என்று அவன் நினைப்பான், அடுத்த மாதம் இன்னும் உரக்க அழுவான்.

அழத்தான் செய்வான். முதல் இரண்டு மூன்று முறை இப்போதைவிடக் கூடுதலாகவே அழுவான். ஆனால் ஒருவர் மடியில் கிடந்து அழும் அழுகை அவனைக் கெடுக்காது. அம்மாயி உடனே பிஸ்கட்டை நீட்டி வாயை அடைக்க வேண்டாம். "அம்மா போயிட்டா, ஒனக்கு அழுவாச்சியா இருக்கு, நா இங்கனதான் இருக்கேன்" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தால் போதும். நீங்கள் உடுத்திக் கழற்றிய துவைக்காத சட்டையொன்றைத் தலையணையோடு வைத்துவிட்டுப் போங்கள். அந்த வாசனை ராத்திரியில் உதவும்.

வரும்போது இதற்கு எதிர்மாறு, அவசரம் வேண்டாம். படியிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்து தூக்குவது அவனுக்கு மிகவும் வேகம். வந்து இஸ்தோப்பில் பாயிலோ பலகையிலோ உட்காருங்கள், அவன் உயரத்துக்கு, கொஞ்சம் பக்கவாட்டில். அம்மாவோடு பேசிக்கொண்டு பிளேன்டி குடியுங்கள். அவன் அம்மாயி மடியில் இருந்தபடி உங்களைப் பார்க்கட்டும். பத்து இருபது நிமிடத்தில் தானாகக் கிட்ட வருவான். வராவிட்டாலும் விடுங்கள். விளையாட்டுச் சாமானைப் பையிலிருந்து எடுக்க அவசரம் வேண்டாம். வாசலிலேயே கொடுத்தால் அது கூலி மாதிரி ஆகிவிடுகிறது, வாங்கிக்கொண்டு ஓடுவதும் அதனால்தான். மறுநாள் கொடுத்து, கூடவே உட்கார்ந்து விளையாடுங்கள்.

குளிப்பாட்டல், ஊட்டல், தூங்கவைத்தல் எல்லாவற்றையும் வந்தவுடன் உங்கள் கைக்கு எடுத்துவிடாதீர்கள். முதல் தடவை அம்மாயி குளிப்பாட்டட்டும், நீங்கள் சுடுதண்ணீர் விளாவிக் கொடுங்கள். அடுத்த தடவை நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள், அவர் பக்கத்தில் நிற்கட்டும். ராத்திரியில் அவன் நடுவில், நீங்கள் இருவரும் இரண்டு பக்கம். அம்மாயியிடம் திரும்பிப் படுத்தால் திருப்பி இழுக்க வேண்டாம்.

ஒரு நாளில் 15 நிமிடம், அதற்குமேல் வேண்டியதில்லை, அவன் விளையாட்டுக்குள் நீங்கள் போங்கள். அவன் காரை ஓட்டினால், "கார் மேடு ஏறுது, தா வளைவுல திரும்புது" என்று அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டிருங்கள். 'இது என்ன கலர், எத்தனை வீல்' என்று பரீட்சை வைக்காதீர்கள். மாதத்தில் ஒருமுறை வரும் தாய்மார் பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். குறைந்த நேரத்தில் பிள்ளைக்கு ஏதாவது கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்ற பரிதவிப்பு.

போன் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறையுங்கள். மூன்று வயதுப் பிள்ளை போனில் கதைக்காது. ஒரே நேரத்தில், தூக்க நேரத்துக்கு நன்றாக முன்னதாக, ஐந்து நிமிடம் எடுங்கள். "அம்மாவைப் பிடிக்குமா? ஏன் பேசமாட்டேங்கிற?" வேண்டாம். போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு அவன் சாப்பிடும்போது நீங்களும் சாப்பிடுங்கள், ஒரு பாட்டுப் பாடுங்கள், 'கட் பண்ணு' என்றால் "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று சிரித்துக் கட் பண்ணுங்கள். சிக்னல் கிடைக்காத நாளுக்காக நீங்கள் சொல்லும் ஒரு சின்னக் கதையை அம்மாவின் போனுக்குக் குரலாக அனுப்பி வையுங்கள்.

'நிலா முழுசானா அம்மா வருவேன்' என்று சொல்லத் தோன்றும், போயாவுக்கு வருகிறவர்தானே. சொல்லாதீர்கள். மலையில் பாதி நாள் மப்பும் மூடுபனியும், அதோடு பக்டரியில் ஓ.டி. என்று லீவை மறுத்துவிட்டால் பொய் சொன்ன கணக்கு. லீவு உறுதியான பிறகு, வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது நான்கு காகித வட்டங்களைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தினமும் பின்னேரம் அவன் கையாலேயே ஒன்றைப் பிய்க்கட்டும்.

உங்கள் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லவேண்டிய ஒன்று: சேட்டை செய்தால் "அம்மா இனி வரமாட்டா" என்று மிரட்டுவது வேண்டாம். விளையாட்டாகக்கூட. விட்டுப்போவேன் என்ற மிரட்டல் பிள்ளைக்கு எவ்வளவு பயம் தரும் என்று பௌல்பி பிற்காலத்தில் தனியாகவே எழுதினார். உங்கள் மகனுக்கு அது மிரட்டலாகவும் படாது, நடந்த விஷயமாகத்தான் படும். 'அம்மா', 'அக்கா' என்று கூப்பிடுவதை அதட்டித் திருத்த வேண்டாம். அம்மாயி தன்னை "அம்மாயிகிட்ட வா" என்றும் உங்களை "அம்மா வந்திருக்கா பாரு" என்றும் சொல்லி வந்தால் தானாக மாறும். வீட்டுக்காரரும் வெறும் பார்வையாளர் இல்லை. ஆட்டோ நிறுத்திவிட்டு வந்ததும் ராத்திரிச் சோறு ஊட்டுவது அவர் வேலை என்று வைத்துவிடுங்கள், தினமும்.

மூன்று வயதில் படுக்கை நனைவது சாதாரணம், ஐந்து வயது வரை அதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை. ஏசவோ வெட்கப்படுத்தவோ கூடாது. பகலிலும் நனைத்தால், மூத்திரம் போகும்போது எரிந்தால், காய்ச்சல் இருந்தால், மலச்சிக்கல் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். கடித்ததற்குத் திருப்பிக் கடித்துக் காட்டும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கடிபட்ட பிள்ளையை முதலில் கவனித்து, இவனிடம் "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று தாழ்ந்த குரலில் ஒரே வரியில் சொல்லி ஐந்து நிமிடம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் கேளுங்கள். நீங்கள் போன அடுத்த இரண்டு மூன்று நாள்தான் கடிக்கிறானா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பேசிய சொற்கள் குறைந்துபோனால், விளையாட்டே இல்லாமல் போனால், வலித்தால் யாரிடமும் ஓடாவிட்டால், அல்லது யாரென்று பாராமல் எல்லோரிடமும் போய் ஏறினால், அவனுடைய சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் எடையைக் காட்டும் நிறைக்கோடு சரிந்தால், தோட்டத்துக்கு வரும் குடும்பநல மாதுவிடம் அந்தப் பதிவேட்டோடு போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு அவர் எழுதிக் கொடுப்பார். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.

வேலையை விடுவது உங்கள் கடன் கணக்கையும் பார்த்து நீங்களும் வீட்டுக்காரரும் எடுக்கவேண்டிய முடிவு. விடாவிட்டால் பிள்ளை பாழாகும் என்று நான் சொல்லமாட்டேன். மாதத்தில் ஒருமுறை வருவதை இரண்டாக்க முடிந்தால், அனுப்பும் காசில் பஸ் கூலி குறைந்தாலும் செய்யுங்கள். ஆனால் இப்போது அவனைத் தூக்கிக்கொண்டு கட்டுநாயக்காவுக்கு வராதீர்கள். ஒன்றே முக்கால் வயதில் ஒருவரைப் பிரிந்தவன், மூன்று வயதில் இன்னொருவரைப் பிரிவான், அதுவும் தெரியாத டே கேரில், நீங்கள் மெஷினில் இருக்கும் நேரத்தில். கூட்டிவருவதுதான் முடிவு என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். முதலில் அம்மாயியும் அவனும் சேர்ந்து வந்து நான்கைந்து நாள் போடிங்கில் தங்கட்டும். பிறகு இன்னொரு தடவை, இரண்டு வாரம். டே கேருக்கு முதல் வாரம் அம்மாயியே கூடப் போய் ஒரு மணித்தியாலம் உட்காரட்டும், இரண்டாம் வாரம் அரை நாள். அம்மாயி தோட்டத்துக்குத் திரும்பும் நாளில் அவரும் அவன் விழித்திருக்கும்போதே சொல்லிக்கொண்டு கிளம்பவேண்டும்.