மீனுக்கு ஏற்ற ஒயின் எது?

கேள்வி: ஷார்டனே குடித்து அலுத்துவிட்டது. மீனுக்கு ஏற்ற வேறொரு வெள்ளை ஒயின் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, மெல்போர்ன்

பதில்: அசிர்டிகோ. கிரேக்கத்தின் சான்டோரினித் தீவுத் திராட்சை. அங்கே எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும்தான் மண். கோடையில் மழை இல்லை, காற்றோ பேய்க்காற்று. பந்தல் போட்டால் பறந்துவிடும் என்பதால், கொடியைத் தரையோடு கூடைபோல் சுற்றி வளைத்து, குலைகளை அதற்குள் ஒளித்து வளர்க்கிறார்கள். இந்தக் கூடைக்குக் ‘குலூரா’ என்று பெயர். கடலிலிருந்து வரும் மூடுபனிதான் கொடிக்குப் பெரும்பாலும் தண்ணீர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிய, வேரைத் தாக்கும் பிலாக்சரா பூச்சிக்கு இந்த மண் பிடிக்கவில்லை. அதனால், மற்ற இடங்களைப்போல் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகள் அங்கே ஏராளம்.

வெயிலில் நன்றாகப் பழுத்தாலும் புளிப்பு அவ்வளவாகக் குறையாது; அதுதான் எனக்குப் பிடித்தது. எலுமிச்சை வாசம், கடைசியில் லேசான உப்புக்கரிப்பு. சுட்ட மீனுக்கும் கணவாய்க்கும் இதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியாது. ஐஸ்போல் குளிர்விக்காதீர்கள், 10 முதல் 12 டிகிரி போதும். ‘வின்சாண்டோ’ என்று எழுதிய பாட்டிலை மீனுக்கு எடுக்காதீர்கள். அது வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். சான்டோரினிச் சரக்கு விலை அதிகம். உங்கள் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலும் அசிர்டிகோ விளைகிறது, அதைக் கேட்டுப் பாருங்கள்.