நீர்மூழ்கியில் பேய்: கேள்வி-பதில்

'பிலோ' படத்தைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். 2002-இல் வந்த ஆங்கிலப் பேய்ப் படம். 1943-இல் அட்லாண்டிக்கில் போகும் ஓர் அமெரிக்க நீர்மூழ்கி, கடலில் தத்தளிக்கும் மூன்று பேரை, ஒரு நர்ஸ் உட்பட, தூக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு உள்ளே நடப்பதுதான் கதை. நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. இருக்கட்டும்.

இயக்குநர் யார் சார்? இந்தப் படத்தைப் பற்றி யாருமே பேசலையே? (ராயபுரம்)

டேவிட் டூஹி. எழுதியவர்களில் டேரன் அரனோஃப்ஸ்கியும் ஒருவர். சுமார் 4 கோடி டாலர் போட்டு எடுத்தார்கள், 30 லட்சம்கூடத் திரும்பவில்லை. ஓடாத படத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

அது நிஜ நீர்மூழ்கியா, செட்டா? (பழைய வண்ணாரப்பேட்டை)

வெளியே தெரிவது நிஜம். சில்வர்சைட்ஸ் என்ற பழைய போர் நீர்மூழ்கி. இப்போது அமெரிக்காவில் மஸ்கீகன் என்ற ஊரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே நடப்பதெல்லாம் செட். நீங்கள் அட்லாண்டிக் என்று நினைத்து நடுங்கிய தண்ணீர் மிச்சிகன் ஏரி, உப்பே கிடையாது.

பயமே வர்ல சார். ஒண்ணரை மணி நேரம் வேஸ்ட். இதுக்கு எங்க தெரு நாய் ஊளையே பரவால்ல. (கொருக்குப்பேட்டை)

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 'பாரிஸ் கார்னர்ல பஸ் ஏறி வீட்டுக்கு வர்றதுக்குள்ள போன்ல பாத்து முடிச்சிட்டேன்.' ஹெட்போன்கூட இல்லை. பஸ் இரைச்சல், கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுப் பஞ்சாயத்து, இத்தனைக்கும் நடுவில் பேய் வந்து உங்களை எப்படி பயமுறுத்தும்? பேருக்கு ஒரு டிக்கெட் எடுத்திருந்தால்கூட அது கீழே இறங்கிப் போயிருக்கும்.

நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. மேலே நீட்டிப் பார்க்கும் குழாயான பெரிஸ்கோப்பை இறக்கிவிட்டால் உள்ளே இருக்கிற 70, 80 பேரும் குருடர்கள். வெளியே என்ன நடக்கிறது என்று காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரிக் கப்பல் மேலே வந்து நின்றால் மின்விசிறியிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள், பேச்சு குசுகுசுவாகிவிடும், ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. அந்த நேரம் பார்த்து யாரும் தொடாத கிராமபோன் தானாகப் பாட ஆரம்பிக்கிறது. இந்தப் படத்தின் பேய் முகத்தில் வெள்ளை அப்பிக்கொண்டு வருகிற பேய் இல்லை, இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு உரசுகிற பேய். ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் சில வெள்ளைக்காரர்கள்தான்.

எனக்கு இது புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. சின்ன வயதில் காசிமேட்டில் மாமாவின் விசைப்படகில் ஐஸ் போடும் அறைக்குள் இறங்கியிருந்தபோது, ஆள் இருப்பது தெரியாமல் மேலே மூடியைப் போட்டுவிட்டார்கள். கும்மிருட்டு. பழைய மீன் வாடை. காலுக்கடியில் உருகின ஐஸ் தண்ணீர் சலசலக்கிறது. பக்கத்தில் கட்டியிருந்த படகு அலைக்கு அசைந்து வந்து எங்கள் படகை ஒரு தேய் தேய்த்தது. அந்தச் சத்தம் தலைக்கு மேலிருந்து வருகிறதா, முதுகுப் பக்கமிருந்தா என்று பிடிபடவே இல்லை. இரண்டு நிமிஷம்தான் இருந்திருப்பேன். வெளியே வந்ததும் மாமா முதலில் கேட்டது, 'ஏண்டா கத்தல?' கத்தத் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்.

காரணம் எளிது. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். தண்ணீரில் ஏறக்குறைய 1,500. தகட்டில் அதைவிட வேகம். சத்தம் தகடு முழுக்கப் பரவி எல்லாப் பக்கமிருந்தும் காதுக்கு வருவதால் திசை தெரியாது. படத்தின் ஒலிக்காரர்கள் இதைத் தெரிந்து வேலை செய்திருக்கிறார்கள்.

தியேட்டர்காரர்களும் யோக்கியம் இல்லை. ஒரு தியேட்டரில், பெயர் வேண்டாம், ஒரு பேய்ப் படம் முழுக்க இடது பக்க ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. இடைவேளையில் போய்ச் சொன்னேன். 'படமே அப்படித்தான் சார்' என்றார்கள். அகஸ்தியாவின் அவ்வளவு பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம். அதுவும் 2020-இல் மூடியாயிற்று. இப்போது ஆறு அங்குலத்தில் பார்த்துவிட்டு 'பயம் வர்ல' என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

இரவில், விளக்கை அணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். அப்போதும் பயம் வரவில்லை என்றால் எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பேயெல்லாம் இல்லை, ஹைட்ரஜன் வாயுவை சுவாசித்ததால் வந்த பிரமைதான் என்கிறான் என் நண்பன். சரியா? (வியாசர்பாடி)

பாதி சரி. பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும். அந்தக் காலத்து அமெரிக்க நீர்மூழ்கியில் 252 பெரிய பாட்டரி செல்கள். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ஆனால் அது வெடிக்குமே தவிர பேயைக் காட்டாது. மூளையைக் குழப்புவது கார்பன் டை ஆக்சைடு. 3 சதவீதம் வந்தாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இன்னும் ஏறினால் நிதானம் போய்விடும். பேயா, கெட்ட காற்றா என்று படம் கடைசிவரை இழுத்துப் பிடித்திருக்கிறது. உங்கள் நண்பர் வேதியியல் படித்தவர் என்றால் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

அவ்வளவு ஆபத்து என்றால் மேலே வந்துவிட வேண்டியதுதானே? (எண்ணூர்)

மேலே எதிரி. வேறென்ன?

முதல் உலகப் போரில் நம் சென்னையைக் குண்டு போட்ட எம்டன் நீர்மூழ்கியை வைத்து இதே மாதிரி தமிழில் எடுக்கலாமே? (திருவொற்றியூர்)

எம்டன் நீர்மூழ்கி இல்லை. இல்லவே இல்லை. எத்தனை தடவை எழுதுவது? அது தண்ணீருக்கு மேலே ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல், க்ரூசர். 1914 செப்டம்பர் 22 இரவு வந்து பத்துப் பதினைந்து நிமிஷத்தில் 130 குண்டுகள்போலப் போட்டுவிட்டு, துறைமுகத்தில் பர்மா ஆயில் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. நம்ப முடியாவிட்டால் ஹைகோர்ட் மதில் பக்கம் போங்கள், கல்வெட்டு இருக்கிறது. 'அவன் சரியான எம்டன்' என்று பாட்டி காலத்திலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறோம், எம்டன் என்ன கப்பல் என்று மட்டும் தெரிந்துகொள்ள மாட்டோம். படம் எடுக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கப்பலில் பெண் ஏறினால் ராசி இல்லை என்று அந்த நர்ஸைப் பார்த்து முணுமுணுக்கிறார்களே, இன்னுமா? (பெயர் போடாத வாசகி)

கதை 1943-இல் நடக்கிறது அம்மா. கடல்காரர்களின் பழைய நம்பிக்கை அது. காசிமேட்டுக்குப் போய் வரிசையாக நிற்கும் படகுகளின் பெயரைப் படியுங்கள், அம்மா பெயர், மகள் பெயர், மாதா பெயர். ஏற்றிக்கொள்ளத்தான் தயக்கம். படத்தில் உருப்படியாக யோசிக்கிற ஒரே ஆள் அந்த நர்ஸ் என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

(இந்தக் கடிதக்காரர் முடிச்சை அப்படியே அவிழ்த்து எழுதியிருக்கிறார், அதனால் கேள்வியைச் சுருக்கிப் போடுகிறேன்.) சொந்தப் பக்கத்துக் கப்பலையே தவறாக அடிப்பது நம்பும்படி இல்லை. லாஜிக் ஓட்டை. (தண்டையார்பேட்டை)

ஐயா, மற்றவர்கள் பார்க்க வேண்டாமா? படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டிவிடுங்கள்.

பார்த்தவர்களுக்கு: 1945 ஏப்ரல் 1. அவா மாரு என்ற ஜப்பானியக் கப்பல், போர்க் கைதிகளுக்கான நிவாரணப் பொருள் கொண்டுபோக அமெரிக்காவிடமே உத்தரவாதம் வாங்கியிருந்தது. உடம்பெல்லாம் சிலுவைக் குறி. தொடக் கூடாது என்று நீர்மூழ்கிகளுக்குச் செய்தியும் போயிருந்தது. திரும்பி வரும்போது தைவான் நீரிணையில் பனிமூட்டம். க்வீன்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி, ரேடாரில் தெரிந்த புள்ளியைப் போர்க்கப்பல் என்று நினைத்து டார்பிடோ விட்டது. 2,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிழைத்தது ஒரே ஒருவர். தளபதி மேல் ராணுவ விசாரணை நடந்தது. அலட்சியம் என்று தீர்ப்பாகி, கண்டனக் கடிதத்தோடு முடிந்தது. பனியில், இருட்டில், பெரிஸ்கோப்பின் சின்ன வட்டத்துக்குள் ஒரு நிழலைப் பார்த்து முடிவெடுக்கிறவன் தப்பு செய்வான். அந்தத் தப்பை மறைக்க அடுத்து என்ன செய்வான் என்பதுதான் படம். ஓட்டை என்று நீங்கள் சொன்னது கதையின் முதுகெலும்பு.

நிஜமாகவே பேய் பிடித்த நீர்மூழ்கி உண்டா? (மாதவரம்)

கதை உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் யூபி-65. டார்பிடோ வெடித்துச் செத்த அதிகாரி கைகட்டிக்கொண்டு முன்பக்கம் நிற்பார் என்பார்கள். 1918 ஜூலையில் ஆட்களோடு மூழ்கியது, 2004-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரம் அதன் சிதைவு கிடைத்தது. கப்பல் இருந்ததும் மூழ்கியதும் நிஜம். பேய்க்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

உள்ளே நிஜத்தில் அவ்வளவு நெருக்கமா? செட்டில் சும்மா பெருசாக்கிக் காட்டுகிறார்கள்போல. (பெரம்பூர்)

நேர்மாறு. கேமரா நுழைவதற்காக செட்டில் இடம் விட்டிருப்பார்கள். சந்தேகம் தீர சென்ட்ரலில் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போங்கள், ஒரு ராத்திரிப் பயணம். ஆர்.கே. பீச்சில் குர்சுரா நீர்மூழ்கியைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள், இந்தப் படம் வந்த அதே 2002-இலிருந்து. 90 மீட்டர் நீளம், அதற்குள் 75 பேர் இருந்தார்கள். அறைக்கு அறை வட்டமான துவாரம், காலைத் தூக்கி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். நான் மூன்றாவது துவாரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன்கள் சிரித்தார்கள், நாலாவதில் அவர்களில் ஒருவனும் இடித்துக்கொண்டான்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா? (புளியந்தோப்பு)

பத்தாவது முடித்த பிள்ளைகள் என்றால் சரி. ஆளுக்கொரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.