அச்சில் எத்தனை மில்லிமீட்டர்? ஆய்வு வரைபடக் கேள்வி பதில்

பைத்தானின் மேட்பிளாட்லிபிலும் ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2-விலும் ஆய்வுக்கட்டுரைக்கு வரைபடம் போடுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

கே: மேடம், திரையில் என் படம் தெளிவாக இருக்கிறது. கட்டுரையில் வைத்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. டிபிஐயை 300இலிருந்து 600 ஆக்கியும் பலனில்லை.

ப: டிபிஐயால் இது தீராது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எழுத்தின் உயரமும் கோட்டின் தடிமனும் பாயின்ட் கணக்கில் இருக்கின்றன. 72 பாயின்ட் ஓர் அங்குலம். டிபிஐ அதைத் தொடாது.

கோளாறு ஃபிக்சைஸில், அதாவது படத்தின் அகல உயரத்தைச் சொல்லும் அமைப்பில், இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரத்தில் வரையும். எழுத்து 10 பாயின்ட், கோடு 1.5 பாயின்ட். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தியின் அகலம் 89 மி.மீ. அதற்குள் இந்தப் படத்தைச் சுருக்கினால் எல்லாமே 0.55 மடங்காகும்: எழுத்து 5.5 பாயின்ட், கோடு 0.8. பெரிதாகத் தெரியட்டும் என்று 12 அங்குலத்தில் வரைந்திருந்தால் எழுத்து 3 பாயின்டுக்கும் கீழே போய்விடும். பெரிய படம் வரைவதுதான் எழுத்தைச் சிறிதாக்குகிறது.

ஆகவே குறிமுறையின் முதல் வரி அகலமாக இருக்கட்டும். இதழ் கேட்கும் மி.மீட்டரை 25.4ஆல் வகுங்கள். 89க்கு 3.5 அங்குலம் வரும். ஃபிக்சைஸில் அதையே கொடுங்கள். எழுத்து 7 பாயின்ட், தரவுக் கோடு 1, அச்சுக் கோடு 0.6 என்று தொடங்கலாம். கோப்பைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். கட்டுரைக் கோப்பில் ஒட்டியபின் மூலையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கே: அகலம் 3.5 என்றுதான் கொடுத்தேன். சேமித்த கோப்பை அளந்தால் 3.3 வருகிறதே?

ப: படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக் கட்டளையில் பிபாக்ஸ் இஞ்சஸை டைட் என்று போட்டிருப்பீர்கள். அது வெற்றிடத்தை வெட்டிவிட்டு, சுற்றி 0.1 அங்குலம் மட்டும் விடும். அதனால் ஒவ்வொரு படமும் ஒவ்வோர் அகலத்தில் வரும். அச்சுக்கோர்க்கிறவர் எல்லாவற்றையும் பத்திக்கு இழுத்துப் பொருத்தும்போது எழுத்தளவும் படத்துக்குப் படம் மாறும். அந்த வரியை எடுத்துவிட்டு, படத்தை உருவாக்கும்போதே லேஅவுட்டைக் கன்ஸ்ட்ரெயின்ட் என்று கொடுங்கள். தலைப்புகள் வெட்டுப்படாது, அகலமும் சொன்னபடி நிற்கும்.

கே: அக்கா, ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் இதே இருபது வரியை ஒட்ட வேண்டுமா?

ப: வேண்டாம். எம்பிஎல்ஸ்டைல் என்ற பின்னொட்டுடன் ஓர் உரைக்கோப்பில் எல்லா அமைப்புகளையும் எழுதிவையுங்கள். ஸ்கிரிப்டில் ஒரே வரியில் அதை அழைத்துக்கொள்ளலாம்.

கே: வெப்பநிலை வரைபடத்துக்கு ஜெட் நிறவரிசையைப் பயன்படுத்தினேன். மதிப்பாய்வாளர் மாற்றச் சொல்கிறார். அது பளிச்சென்றுதானே இருக்கிறது?

ப: அந்தப் பளிச்சுதான் தப்பு. ஜெட்டில் வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. நடுவில் உயர்ந்து இரு முனைகளிலும் இருண்டுபோகிறது. தரவு மெல்ல மாறும் இடத்திலும் மஞ்சள் பட்டையைச் சுற்றி ஓர் எல்லை இருப்பதுபோல் கண்ணுக்குப் படும். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள்: மிகக் குளிர்ந்த இடமும் மிகச் சூடான இடமும் ஒரேபோல் இருட்டாக இருக்கும். விரிடிஸ் என்ற நிறவரிசையில் வெளிச்சம் ஒரே திசையில் ஏறுகிறது. 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து மேட்பிளாட்லிபின் இயல்பு வரிசையே அதுதான்.

சராசரியிலிருந்து விலகலைக் காட்டுகிறீர்கள் என்றால், நடுவில் வெண்மை உள்ள நீலம்-சிவப்பு வரிசை பொருந்தும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. தரவு −2 முதல் 8 வரை இருந்து, எல்லைகளைத் தானாக விட்டால் வெண்மை 3இல் போய் உட்காரும். சற்றே சூடான இடங்கள் நீலமாகத் தெரியும். எல்லைகளை −8, 8 என்று நீங்களே கொடுங்கள்.

கே: ஒவ்வொரு குழுவிலும் மூன்று மாதிரிகள். பிழைப்பட்டையாக எதைப் போடுவது? மூன்று விதமாகப் போட்டால் மூன்று நீளம் வருகிறது.

ப: மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்கான விடை. 4.1, 4.4, 5.3 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4.6. திட்ட விலக்கம் 0.62, அளவீடுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று அது சொல்கிறது. அதை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை, 0.36. 95 சதவீத நம்பக இடைவெளிக்கு இதை 1.96ஆல் பெருக்குவது பெரிய மாதிரிகளுக்கான வழக்கம். மூன்றே மாதிரி என்றால், சிறு மாதிரிகளுக்கான டி-பரவலின்படி 4.30ஆல் பெருக்க வேண்டும். பட்டை ±1.55 ஆகிவிடும். குட்டையாகத் தெரிகிறது என்பதற்காகத் திட்டப் பிழையைத் தேர்ந்தெடுப்பது வாசகரை ஏமாற்றுவது.

இன்னொன்று: பைத்தானின் கணித நூலகமான நம்பையில் திட்ட விலக்கம் காணும் எஸ்டிடி கட்டளை, டிடிஓஎஃப்-ஐ 1 என்று கொடுக்காவிட்டால் மூன்றால் வகுக்கும், விடை 0.51 வரும். தரவு அட்டவணை நூலகமான பாண்டாஸ் இரண்டால் வகுத்து 0.62 தரும். ஒரே கட்டுரையில் இரண்டும் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மூன்று மாதிரிக்குத் தூண் வரைபடமே வேண்டாம் என்பேன். மூன்று புள்ளிகளையும் அப்படியே வைத்து, சராசரிக்கு ஒரு சிறு கோடு போடுங்கள். பட்டை எதைக் குறிக்கிறது, மாதிரிகள் எத்தனை என்பது படவிளக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கே: இடதுபுறம் மழை, வலதுபுறம் வெப்பநிலை என்று ஒரே படத்தில் இரண்டு அச்சுகள் வைக்கலாமா?

ப: தவிருங்கள். அளவுகோலை நகர்த்தினால் இரு கோடுகளும் எங்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளும். வாசகர் அந்த வெட்டுக்கு அர்த்தம் தேடுவார். ஒரே கிடையச்சைப் பகிரும் இரண்டு படங்களை மேலும் கீழுமாக வையுங்கள்.

கே: பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட சிதறல் படம். பிடிஎஃப் திறக்கவே மாட்டேன் என்கிறது.

ப: ஒவ்வொரு புள்ளியும் தனி வடிவமாகக் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. புள்ளிகளை வரையும் கட்டளையில் மட்டும் ராஸ்டரைஸ்டை ட்ரூ என்று கொடுத்து, டிபிஐ 400 வைத்துச் சேமியுங்கள். புள்ளிகள் பிக்சலாகும், அச்சும் எழுத்தும் கூர்மையாகவே இருக்கும். ஆனால் இத்தனை புள்ளி ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அடர்த்தி தெரியாது. புள்ளிகளை அறுகோணக் கட்டங்களில் எண்ணி நிறத்தால் காட்டும் ஹெக்ஸ்பின் இதற்கு மேலானது. எழுத்துருவைக் காரணம் காட்டி இதழ் கோப்பைத் திருப்பியனுப்பினால், எழுத்துரு எந்த வகையில் கோப்பில் பதியும் என்று சொல்லும் பிடிஎஃப் ஃபாண்ட்டைப்பை 42 ஆக்குங்கள். இயல்பாக இருக்கும் 3-ஐச் சில இதழ்கள் ஏற்பதில்லை.

கே: ஜிஜிபிளாட்டில் அச்சு எழுத்துக்கும் ஜியோம் டெக்ஸ்டுக்கும் 7 என்றே கொடுத்தேன். படத்துக்குள் இருக்கும் எழுத்து மட்டும் பூதாகரமாக வருகிறது.

ப: அச்சு எழுத்துக்குத் தீமில் கொடுக்கும் அளவு பாயின்ட். ஜியோம் டெக்ஸ்டில் கொடுப்பது மில்லிமீட்டர். நீங்கள் கேட்டது 7 மி.மீ., அதாவது ஏறக்குறைய 20 பாயின்ட். ஒரு மி.மீட்டருக்கு 2.845 பாயின்ட் என்பதால், 7-ஐ அதனால் வகுத்து 2.46 என்று கொடுங்கள்.