அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையைப் பற்றி மட்டுமே ஒரு சிறு இணைய இதழ் நடத்த முடியுமா? எழுத இன்னும் என்ன இருக்கிறது?

விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் நடந்த கொலை குறித்து, அரசு அமைத்த விசாரணைக் குழுவான வாரன் ஆணையம் மறு ஆண்டே அறிக்கை தந்தது. கூடவே 26 தொகுதிகளில் சாட்சியங்களும் சான்றுகளும். அவற்றுக்கு உருப்படியான பொருளடைவு இல்லாததால் சில்வியா மேகர் என்ற பெண்மணி தாமே ஒன்றைத் தொகுத்து 1966இல் வெளியிட்டார். சிறு இதழுக்கு ஏற்றது இத்தகைய வேலைதான். புதிய சதிக் கோட்பாடு எதற்கு? அது ஊரெங்கும் மலிந்து கிடக்கிறது.

இந்தக் கொலை குறித்த ஆவணங்களுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்த கோப்புகளில் 13 இலக்க அடையாள எண்ணைப் பார்க்கலாம். 104 என்று தொடங்கினால் அது சி.ஐ.ஏ. கோப்பு, 124 என்றால் எஃப்.பி.ஐ. கோப்பு. கட்டுரையாளரிடம் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். பாதிக் கட்டுரைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

1979இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, ஒலிப்பதிவு ஒன்றைப் பெரிதும் நம்பி, 'அநேகமாகச் சதி நடந்திருக்கக்கூடும்' என்றது. அந்த ஆதாரத்தை 1982இல் தேசிய அறிவியல் கழகத்தின் வல்லுநர் குழு நிராகரித்தது. முன்னதை மட்டும் வெளியிடுவது நேர்மையல்ல.

அமெரிக்க மத்திய அரசு தயாரித்த ஆவணங்களுக்கு அங்கே பதிப்புரிமை இல்லை. கொலைக் காட்சியைப் படம்பிடித்த ஜப்ரூடரின் படச்சுருள் அப்படியல்ல. அதன் உரிமை டாலஸிலுள்ள சிக்ஸ்த் ஃப்ளோர் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது, அனுமதி கேளுங்கள். 2025 மார்ச்சில் வெளியான கோப்புகளில் உயிரோடிருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்கள்) மறைக்கப்படாமல் வந்துவிட்டன. பக்கங்களை அப்படியே பதிவேற்றாமல், அந்த எண்களை மறைத்துவிட்டு வெளியிடுங்கள்.