முதல் நாள் பார்க்க மட்டும் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். 14 வருடத்துக்கு முன்னால் கன்னம் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சேலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீழ்க் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. வலிக்குது என்று கையைப் பிடித்தேன். "ஆடாம இருங்கம்மா, இத்தனை நாளா என்ன பண்ணீங்க?" என்று அதட்டிவிட்டு இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு பல் டாக்டர் பக்கமே போகவில்லை. இப்போது இடது பக்கம் மெல்ல முடியவில்லை. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. வாய் நாற்றம் எனக்கே தெரிகிறது. மேலே ஒரு சொத்தைப் பல் வேறு. மூன்று தடவை மலை இறங்கி ஐந்து ரோடு வரை வந்தும், துணிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். வருகிறவர்களிடம் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். "புள்ளை பெத்தவளுக்கு ஊசின்னா பயமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார் மாமியார். பேசாமல் மயக்க மருந்து கொடுத்து, எல்லாப் பல்லையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு பல் செட் வைத்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரி,

பிரசவத்தையும் பல் ஊசியையும் ஒப்பிடுகிறவரோடு வாதாட வேண்டாம். (பிரசவ அறையிலும் அதட்டு வாங்காதவர்கள் குறைவுதான், அது தனிக் கதை.) நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறோம். வாய்க்குள் இரண்டு கை. பேச முடியாது. வலிக்கிறது என்று காட்டினால் திட்டு விழுகிறது. அந்த நாளை உடம்பு லேசில் மறக்காது. நீங்கள் ஊசியை விட, குறடை விட, வலிக்குது என்று சொல்லியும் யாரும் நிறுத்தாத அந்த நிமிடத்துக்குத்தான் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் இதற்கு வழி இருக்கிறது.

அன்றைக்கு ஏன் மரத்துப்போகவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி பாரம் இறங்கும். பல் டாக்டர்கள் பெரும்பாலும் போடுவது லிக்னோகெய்ன் என்ற மருந்து. 1943ல் ஸ்வீடனில் உருவாக்கி, 1948 முதல் விற்பனைக்கு வந்தது. நரம்புக்குள் இறங்கினால்தான் அது வலியை நிறுத்தும். சீழ் கோத்து வீங்கிய சதையில் அமிலத்தன்மை கூடிவிடும். அங்கே போட்ட மருந்தில் பெரும்பகுதி நரம்புக்குள் நுழைய முடியாமலே நின்றுவிடும். அது போக, கீழ்க் கடவாய்ப் பல்லுக்குப் பக்கத்திலேயே குத்தினால் போதாது, அங்கே எலும்பு கெட்டி. தாடையின் பின்பக்கம் நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தைக் குறிவைத்துப் போட வேண்டும். கைதேர்ந்தவருக்கும் சில நேரம் அந்தக் குறி தவறும். தவறினால் இன்னொன்று போட்டுக் காத்திருக்கலாம், சீழை வடித்துவிட்டு வேறொரு நாள் வரச் சொல்லலாம். அவர் இரண்டையும் செய்யாமல் இழுத்துவிட்டார், அது உங்கள் குற்றம் இல்லை. "எனக்கு ஊசி போட்டாலும் மரக்காது" என்று அந்த ஒரு நாளை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதில் ஒரு பொல்லாத சுழல் இருக்கிறது. பயந்து தள்ளிப்போடுகிறோம். தாங்க முடியாத அளவு வலி வந்தபின் ஓடுகிறோம். அப்போது மறுபடியும் சீழ், மறுபடியும் வீக்கம், ஊசி மறுபடியும் சரியாகக் கேட்காது. 14 வருடத்துக்கு முந்தைய நாளைத் தேடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள்கிற கதை. ஊசி நன்றாக வேலை செய்கிற நேரம், வீக்கமும் கடும் வலியும் இல்லாத இப்போதுதான். "இன்னைக்கு வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தோன்றுகிற காலை எதுவோ, அந்தக் காலையில் கிளம்புங்கள்.

ஆனால் வைத்தியம் செய்துகொள்ளக் கிளம்பாதீர்கள். மூன்று தடவையும் நீங்கள் மனதுக்குள் பல்லைப் பிடுங்கிக்கொண்டேதான் பஸ் ஏறியிருக்கிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதையே நினைத்துக்கொண்டு வந்தால் ஐந்து ரோட்டில் துணிக்கடைதான் கண்ணில் படும். இந்தத் தடவை பார்க்க மட்டும் போங்கள். முந்தின நாளே போன் செய்து இப்படிச் சொல்லுங்கள்: "பல் டாக்டர்கிட்ட வந்து 14 வருஷம் ஆச்சு. பயம் ஜாஸ்தி. முதல் நாள் வாயைப் பாத்து, எக்ஸ்ரே வேணும்னா எடுத்து, என்ன பண்ணணும்னு சொன்னா போதும். ஊசி, மிஷின் எதுவும் அன்னைக்கு வேண்டாம்." வெட்கமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துப் படியுங்கள்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையும் அந்தப் போன்தான். பேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு என்று சேலத்தில் பல் ஆஸ்பத்திரி போர்டுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக் கதவையும் ஏசியையும் விடுங்கள். "பரவாயில்லைங்க, வாங்க, பேசலாம்" என்கிறார்களா, "வந்தாதான் தெரியும்" என்று வெட்டுகிறார்களா? முதல் ரகத்துக்குப் போங்கள். உள்ளே போனபின் டாக்டர் "ஏன் இப்படி விட்டீங்க" என்று ஆரம்பித்தால், பார்த்ததற்கான பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. பயந்து வந்தவரைத் திட்டித் திருத்துகிற வைத்தியம் எனக்குத் தெரிந்து எங்கும் பலித்ததில்லை. பணம் யோசனையாக இருந்தால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. அரியானூரில் தனியார் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். செலவு பொதுவாகக் குறைவு, நேரம் அதிகம் பிடிக்கும். சுற்றி நாலு பேர் நின்று பார்ப்பது உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்கட்டும். ரோட்டோரம் பல் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகவே கூடாது.

போவதற்கு முன் வீட்டில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பல் பயத்தை அளக்க பிரிட்டனில் 1995ல் உருவான ஐந்து கேள்விகள் இவை. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அங்கே முறைக்காகக் காத்திருக்கும்போது? பல்லை மிஷின் வைத்துக் குடையப் போகிறார்கள் என்றால்? பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால்? ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால்? பயமே இல்லை என்றால் 1, உச்சப் பயம் என்றால் 5. மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம் என்று கணக்கு. அந்த மொத்தத்தை விட, எந்தக் கேள்விக்கு 5 போட்டீர்கள் என்பதுதான் முக்கியம். காத்திருப்பதற்கு 5 என்றால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். மிஷின் சத்தத்துக்கு 5 என்றால் காதில் பாட்டு மாட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை டாக்டரிடமே நீட்டினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சங்கடமும் மிச்சம். எல்லாவற்றுக்கும் 5 என்றால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பதில் தப்பே இல்லை. இந்தப் பயத்தைப் படிப்படியாகக் கரைக்கிற பயிற்சிகள் அவர்களிடம் உண்டு.

இரண்டாம் நாள் பல் சுத்தம் செய்வதோடு தொடங்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு ஊசி தேவைப்படாது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே அதிர்கிற ஒரு முனை, பல்லில் படிந்த காறையை உதிர்க்கும். கீச்சென்று சத்தம் வரும், கொஞ்சம் கூசும். சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். ஒட்டடைதான் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது போன்ற பேச்சு அது. காறையால் ஈறு கெட்டு ஏற்கெனவே தளர்ந்த பல், காறை போனதும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஈறில் ரத்தம் வருவதும் வாய் நாற்றமும் பெரும்பாலும் அந்தக் காறையால்தான். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் எல்லாப் பல்லும் சரியாகிவிட வேண்டும் என்று கெடு வைக்காதீர்கள். இந்த ஒன்று முடிந்தாலே நாற்றம் வெகுவாகக் குறையும். அப்படியே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது சிரமம்.

ஊசி போட வேண்டிய நாளுக்கு வருவோம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பயமும் பசியும் சேர்ந்தால்தான் பலருக்கும் தலை சுற்றி மயக்கம் வரும். உட்காருவதற்கு முன்னாலேயே, "நான் இடது கையைத் தூக்கினா நிறுத்திடணும்" என்று பேசிக்கொள்ளுங்கள். சும்மா ஒரு தடவை கையைத் தூக்கி, உண்மையிலேயே நிறுத்துகிறாரா என்று பாருங்கள். இது விளையாட்டு இல்லை, உங்கள் விஷயத்தில் மருந்தே இதுதான். ஊசிக்கு முன் ஈறில் மரக்கிற ஜெல் தடவச் சொல்லுங்கள், ஓரிரு நிமிடம் விட்டுப் போடட்டும். மருந்தை மெதுவாக ஏற்றினால் வலி குறைவு. அந்த மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கொஞ்சம் கலந்திருக்கும், அதனால் போட்டவுடன் நெஞ்சு படபடக்கலாம். சில நிமிடத்தில் அடங்கிவிடும், பதற வேண்டாம். பிரஷர், இருதயக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கீழ்த்தாடை என்றால் அந்தப் பக்கத்துக் கீழுதடு பாதி தடித்துப்போன மாதிரி ஆகும். அப்படி ஆகவில்லையென்றால் மருந்து இன்னும் பிடிக்கவில்லை, "இன்னும் மரக்கலைங்க" என்று சொல்லுங்கள். உதடு மரத்தும் பல்லில் வலித்தால் கையைத் தூக்குங்கள். பல்லைச் சுற்றியே இன்னொரு விதமாக ஊசி போட முடியும். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: அழுத்தமும் இழுப்பும் சத்தமும் தெரியத்தான் செய்யும். மரத்துப்போவது வலி மட்டும்தான்.

மொத்தமாக மயக்கம் கொடுத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். முழு மயக்கம் என்றால் அதற்குத் தனி டாக்டர், தனி ஏற்பாடு, தனி ஆபத்து. அதைவிடப் பெரிய விஷயம், காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்குவது. வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் சொத்தைப் பல்லும் பல வருடம் உழைக்கும். பல் போன இடத்தில் தாடை எலும்பு நாளாக நாளாகத் தேய்ந்துகொண்டே போகும். 46 வயதில் வைத்த செட் அதனாலேயே பிறகு லொடலொடக்கும். அந்தப் பல் செட்டை வைத்துக்கொண்டு சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டைக் கடிப்பது பெரும்பாடு. பதற்றம் தாங்கவில்லை என்றால் அதைத் தணிக்கிற மாத்திரையை டாக்டரே எழுதித் தருவார். மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதைப் போட்ட நாளில் தனியாகப் பஸ் ஏறக் கூடாது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம், ஆனால் மேல்பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தம் இல்லை. மேல்பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அரிதாக ஊசி மருந்து கொஞ்சம் பரவிச் சற்று நேரம் கண் மங்கினாலும், மருந்தின் வேகம் குறைந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். வயதாகி மேல்பல் விழுகிற காலத்தில்தான் கண்ணில் புரையும் வளர்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

துணைக்கு மகளைக் கூட்டிப்போங்கள். கேலி செய்கிறவர் வீட்டிலேயே இருக்கட்டும். பல் பிடுங்கிய அன்று உடனே மலை ஏறாதீர்கள். பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் கடித்து வைத்து, ரத்தம் நின்றதா என்று பார்த்தபின் கிளம்புங்கள். துப்பிக்கொண்டே இருந்தால் ரத்தக் கட்டி கலைந்து வலி கூடும். உதடும் கன்னமும் சில மணி நேரம் மரத்தே இருக்கும், அதுவரை காபி வேண்டாம். சூடு தெரியாமல் வாய் வெந்துவிடும், கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும், சொத்தையைக் குணப்படுத்தாது, ஈறில் அதிகம் பட்டால் புண்ணாக்கும். புகையிலையை அடக்கி வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

மேலே சொன்ன நிதானமெல்லாம் ஒரு நிலைமைக்குப் பொருந்தாது. தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமாக இருந்தால், மூச்சு திணறினால், அது உயிர் விஷயம். அன்றைக்கு டாக்டரைத் தேர்ந்தெடுப்பது, போன் செய்து பார்ப்பது எல்லாம் கிடையாது. ராத்திரி ஆனாலும் 108ஐக் கூப்பிட்டு நேராகச் சேலம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.